குதிரைக்கு வில்லங்கம் பார்த்தவர்

வீட்டுக்கு வில்லங்கம் பார்த்தவர்கள் உண்டு, தோட்டத்துக்குப் பார்த்தவர்கள் உண்டு, சம்பந்தம் பேச வந்த குடும்பத்துக்கே ரகசியமாக வில்லங்கம் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் இந்தப் பூமியில் ஒரு குதிரைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்த மனிதர் ஒருவர்தான். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ என்னும் ஊரில், நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்ட் வளாகத்துக்கு, மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிப்போக வந்திருந்தார். அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாற்பது வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதியவர் என்பதால் எங்கள் மாலை நடைக் கூட்டத்தில் அவர் 'பத்திரக்காரர்'.

அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதலாம். எழுதத்தான் போகிறேன். நடுவில் நான் செய்த ஒரு அயோக்கியத்தனமும் வரும். எனக்கு எழுபத்தாறு வயது. திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று மகனோடு இருக்கிறேன். இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பத்திரக்காரர் வந்து இறங்கிய மூன்றாம் நாள், மகள் சுமதி லீஸைப் புதுப்பிக்க வளாகத்தின் ஆபீசுக்குப் போனாள். இவரும் பின்னாலேயே போனார். சுமதி பேனாவைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, இந்த இடத்துக்குத் தாய்ப்பத்திரம் எங்கன்னு அந்தப் புள்ளகிட்டக் கேளு."

"அப்பா, நாம வாங்கலப்பா. ரெண்ட்டுக்குத்தான் இருக்கோம்."

"வாடகைக்கு உடறதுக்கு இவங்களுக்குப் பாத்தியதை இருக்குதான்னு பாக்க வேண்டாமா? இவங்களுக்கு முந்தி யாரு, அவனுக்கு முந்தி யாரு?"

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். சுமதி, அப்பாவுக்குச் சரித்திரத்தில் ஆர்வம் அதிகம் என்று சொல்லிச் சமாளித்தாள். அன்று மாலை நடையில் அதே கேள்வி என்னிடம் வந்தது. நான் வாத்தியார் புத்தியில், ஆதியில் இங்கே பூர்வகுடிகள் இருந்தார்கள், பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள் என்று விளக்கினேன்.

"அவங்க எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்லை."

"ஒரு கைநாட்டுகூட இல்லீங்களா?"

"பெரும்பாலும் இல்லை."

பத்திரக்காரர் நின்றுவிட்டார். "அப்ப மொதல் பத்திரத்துலயே வில்லங்கமுங்க சார்." அதற்குப் பிறகு சுமதி வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க அவர் விட்டதில்லை. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் நாம் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம்.

இப்படிப்பட்டவர் குதிரையிடம் போய்ச் சேர்ந்தது பேத்தியால். அந்தக் குழந்தையை அரைமணி நேரத் தொலைவில் ஒரு பண்ணையில் குதிரையேற்ற வகுப்பில் சேர்த்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை அது, "அப்புச்சி, இட் ஸ்மெல்ஸ்" என்று சொல்லி விலகிக்கொண்டது. அப்புச்சி விலகவில்லை. நான்காவது சனிக்கிழமை என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க சார், காரு சும்மாதானுங்களே நிக்குது?"

அப்படித்தான் நான் அவருக்கு டிரைவரும் மொழிபெயர்ப்பாளரும் ஆனேன். ஆனால் கொட்டிலுக்குள் போக மாட்டேன். எனக்கு வைக்கோல் தூசி அலர்ஜி என்று சொல்லி வாசலிலேயே நின்றுகொள்வேன்.

பண்ணையின் சொந்தக்காரி பெக்கி என்ற எழுபது வயது அம்மாள். முழங்கால் தேய்ந்து, பண்ணையை மூடிக்கொண்டிருந்தார். எல்லாக் குதிரைகளுக்கும் இடம் கிடைத்துவிட்டது, ஹனி என்ற இருபத்திரண்டு வயதுப் பெட்டைக் குதிரையைத் தவிர. சாடில்பிரெட் என்பது அமெரிக்காவிலேயே உண்டான ஜாதி. கழுத்தை நிமிர்த்தி, முழங்காலை மார்பு வரை தூக்கி நடக்கும். ஹனி பார்க்க அப்படித்தான் இருந்தாள். ஆனால் வம்சம் காட்டும் காகிதம் இல்லை. வாங்கும்போது, இவளுடைய பாட்டி கென்டக்கியில் வெல்வெட் டியூஸ்டே என்ற பெயரில் இருந்தாள் என்று வாய்வார்த்தையாக யாரோ சொன்னதோடு சரி. அந்தப் பாட்டி எந்தப் போட்டியிலும் ஓடியவள் அல்ல. குட்டி போடுவதற்கென்றே வைத்திருந்தவள். அவள் பிள்ளைகள் வாங்கிய பரிசு ரிப்பன்கள் எல்லாம் தகப்பன் குதிரைகளின் பெருமையில் எழுதப்பட்டு, இவள் பெயர் எங்கேயும் இல்லாமல் போயிற்று.

கென்டக்கியில் ஒரு பண்ணை, பழைய தாய்வழிகளில் மிஞ்சிய பெண் குதிரைகளைத் தேடி வாங்கிக் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறது. இவள் வெல்வெட் டியூஸ்டேயின் பேத்தி என்று நிரூபித்தால் எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியில் ஏலம்.

"ஏலத்துல எடுக்கறவன் வயசான குதிரைய என்ன பண்ணுவானாம்? கேளுங்க சார்."

கேட்டேன். பெக்கி ஹனியின் காதைத் தடவிக்கொண்டே, லாரியில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுபோவார்கள், அங்கே இறைச்சிக்கு என்றார். நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில் பத்திரக்காரர் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டார். பிறகு சொன்னார்: "எங்க பக்கம் விடுதலைப் பத்திரம்னு ஒண்ணுங்க சார். அண்ணந்தம்பிக்குச் சொத்து வேணும்னா, கூடப் பொறந்த பொம்பளப் புள்ளைகளக் கூட்டியாந்து கையெழுத்து வாங்கிப் போடுவாங்க. அதோட அந்தப் புள்ள பேரு அந்தச் சொத்துல முடிஞ்சுது. அப்புறம் எந்தப் பத்திரத்துலயும் வராது. எத்தனை புள்ளைக பேர நானே இந்தக் கையால எழுதி வெளிய அனுப்பியிருக்கேன். ஒண்ணையாச்சும் உள்ள கொண்டாரோணும்."

அடுத்த வாரம் வேலை ஆரம்பமாயிற்று. கென்டக்கியில் பழைய பண்ணைகளாகப் பார்த்து நான் போன் போட வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையை இடிக்க வேண்டும்.

"வெல்வெட்டம்மாளுக்கு வாரிசு எத்தனைன்னு கேளுங்க. ஆண் எத்தனை, பெண் எத்தனை, அதுல காலமானவங்க யாரு."

"பத்திரக்காரரே, குதிரைக்கு அப்படிக் கேட்க முடியாது."

"ஏன், குதிரைக்கு வாரிசு இல்லீங்களா?"

நான் கேட்டேன். மறுமுனையில் ஒரு கிழவி, உன் நண்பர் குதிரைப் பயிற்சியாளரா என்றாள். இல்லை, ரெவின்யூ சம்பந்தப்பட்டவர் என்றேன். அவள் பயந்துபோய் போனை வைத்துவிட்டாள். வரி ஆபீஸ் என்று நினைத்திருப்பாள். பதினேழாவது போனில் ஒரு நல்ல மனுஷி, தன் மாமனார் வைத்திருந்த குறிப்புநோட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். வெல்வெட்டம்மாளுக்குப் பதினோரு குட்டிகள். பத்துக்கு விவரம் தெரிந்தது. பதினோராவது பெண்; நியூஜெர்சிக்கு விற்கப்பட்டது. பத்திரக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

அந்தப் பதினோராவது பெண்தான் ஹனியின் தாய் என்பதை அவர் மூன்று மாதத்தில் கோத்தார். விற்ற ரசீது, ஊசி போட்ட டாக்டரின் கடிதம், லாடம் அடித்தவரின் மகள் சொன்ன வாக்குமூலம் எல்லாம் இருந்தன. கடைசியில் ஊரில் பத்திரம் எழுதும் பச்சைக் காகிதம் இங்கே கிடைக்காமல், வெள்ளைத்தாளில் பச்சைப் பேனாவால் கோடு போட்டு, பதினான்கு பக்கத்தில் தமிழில் பத்திரமே எழுதிவிட்டார். சொத்து விவரத்தில் நான்கு எல்லை வேண்டுமே, அதையும் விடவில்லை: 'வடக்கே நெற்றியில் கோணலான வெள்ளைச் சுழி, தெற்கே சற்றே நரைத்த வால், கிழக்கிலும் மேற்கிலும் தேன் நிற விலாக்கள், இதற்கு உட்பட்ட குதிரை ஒன்று.' குதிரை எந்தப் பக்கம் பார்த்து நின்றால் இது செல்லும் என்று நான் கேட்டதற்கு, வடக்கே பார்த்து நின்றதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

குதிரைகளைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் அந்தத் தாயின் மரபணு மாதிரி பத்திரமாக இருந்தது. ஹனியின் பிடரியிலிருந்து முப்பது முடிகளை வேரோடு பிடுங்கி அனுப்பினால் ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். அந்த வாரம் பார்த்துப் பத்திரக்காரருக்குக் கடும் காய்ச்சல்.

"நீங்களே எடுத்துட்டு வந்துருங்க சார். சயின்ஸ் படிச்ச கை."

இனி என் பாகம். எனக்கு வைக்கோல் அலர்ஜி கிடையாது. குதிரை என்றால் பயம். அந்த வயதில், அந்தப் பட்டங்களோடு, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பெக்கி வீட்டுக்குள் போனில் இருந்தார். நான் கொட்டில் கதவில் கை வைத்தேன். ஹனி ஒரு தும்மல் போட்டாள். அடுத்து நான் பார்த்தபோது எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு டிராக்டர் இருந்தது. அதைச் சுற்றி ஓடிய ஞாபகம் எனக்கு இல்லை.

அவள் கொட்டில் வாசலில் தேய்த்து விடும் பிரஷ் ஒன்று தொங்கியது. அதில் தேன் நிற முடி நிறைய. சிலவற்றில் வேர்கூட இருந்தது. எண்ணி முப்பது எடுத்தேன். உறையில் போட்டு ஒட்டினேன். ஆய்வகத்தில் மாதிரி எடுப்பது எப்படி என்று முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்தியவன்.

"குதிர ஒத்துழச்சுதுங்களா சார்?"

"ரொம்ப சாது," என்றேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அனுப்பிய மாதிரிக்கும் அந்தத் தாய்க்கும் சம்பந்தம் இல்லை.

அந்த பிரஷ்ஷால் பெக்கி எல்லாக் குதிரைகளையும் தேய்ப்பார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்திரக்காரர் பதினான்கு பக்கத்தையும் மறுபடி முதலிலிருந்து பிரித்துப் போட்டுத் தப்பைத் தேடத் தொடங்கினார். நடைக் கூட்டத்தில் ஒருவர், "முடி எடுத்ததுல ஏதாவது தப்பு நடந்திருக்குமோ அங்கிள்?" என்று கேட்டுவிட்டார். பத்திரக்காரருக்கு வந்ததே கோபம்.

"யாரு எடுத்ததுன்னு தெரியுமுங்களா? புரொபசர் சார்! அவரு கைல தப்பு வருமா? தப்பு எம்பட எழுத்துலதான்."

நான் நடைபாதையோரக் குளத்து வாத்துகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஏலத்துக்குப் பத்து நாள் இருந்தபோது சுமதி போன் செய்தாள். "அங்கிள், அப்பா சரியாவே சாப்பிட மாட்டேங்கறார். நாப்பது வருஷம் எழுதினதெல்லாம்கூடத் தப்பா இருந்திருக்குமோங்கறார். அவருக்கு நெக்ஸ்ட் வீக் பிளைட் வேற. நீங்க கொஞ்சம் டாக் பண்ணுங்களேன்."

குளத்தோர பெஞ்சில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"பயமுங்களா?"

"ஆமாம்."

"குதிரைக்கா?"

"ஆமாம்."

"அப்ப அந்த அலர்ஜி?"

"அதுவும் பொய்."

கையை ஓங்கினார். அடிக்கத்தான் போகிறார், வாங்கிக்கொள்ளலாம் என்று கண்ணை மூடினேன். ஓங்கிய கை என் தொடையில் விழுந்தது. "அப்ப எம்பட பத்திரம் சரிங்க சார்!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாத்துகள் மொத்தமும் பறந்தன. மூன்று வாரம் அவரைத் தூங்கவிடாமல் செய்தவன் நான். அவருக்கு என்மேல் கோபப்படவே நேரமில்லை.

அன்றே ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினார். 'முந்தைய மாதிரியானது அன்னாரின் அச்சம் காரணமாகப் பிரஷ்ஷிலிருந்து எடுக்கப்பட்டது' என்று தொடங்கி, நான் கையெழுத்தும் கைநாட்டும் வைக்க, சுமதியும் பெக்கியும் சாட்சி போட்டார்கள். நான் ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். தன் குதிரையிடம் இதுவரை யாரும் எழுத்தில் மன்னிப்புக் கேட்டதில்லை என்றார் பெக்கி. ஏலத்துக்குப் போன் செய்து பெயரை நீக்கிவிட்டு, பதில் வரும்வரை வைத்திருக்கிறேன் என்றார்.

மறுபடி முடி பிடுங்க வேண்டும். பத்திரக்காரர் காய்ச்சல் நீங்கித் தெம்பாக இருந்தார். ஆனாலும் தொடமாட்டேன் என்றார். "தப்பா எழுதிக் குடுத்தவருதானுங்க திருத்தோணும். அதுதான் சட்டம்." என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினார். ஹனி என் சட்டைப் பையை முகர்ந்து பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். முப்பதாவது முடி வரை என் கண்ணாடி வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருந்தது.

நான்கு நாள் கழித்து அவர் விமானம் ஏறினார். விசா முடிகிறது, நீட்டிக்க வழியில்லை. கென்டக்கி வண்டியில் கூடவே போய், வெல்வெட்டம்மாள் இருந்த மண்ணில் ஹனியை இறக்கிவிட்டு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை இருந்தது. முதல் தடவையே நான் ஒழுங்காக எடுத்திருந்தால் போயிருப்பார். அதற்கு எந்தத் திருத்தல் பத்திரமும் கிடையாது.

பதில் அக்டோபரில் வந்தது. தாயும் மகளும் பொருந்தினார்கள். வண்டி வந்த காலையில் நான் மட்டும் போனேன். கோபியில் அப்போது மாலை. வீடியோவில் கூப்பிட்டேன். பதிவு அலுவலகத்தின் சான்றிதழை, வெல்வெட் டியூஸ்டேயின் பெயர் இருந்த வரி தெரியும்படி, திரைக்கு நேராகப் பிடித்தேன். அவர் எழுத்துக்கூட்டி அந்தப் பெயரை ஒருமுறை படித்தார்.

"போதுமுங்க. குதிரையக் காட்டுங்க."

காட்டினேன். ஹனி வண்டியின் பலகையில் ஒரு காலை வைத்து, முழங்காலை உயரத் தூக்கி நின்றாள். பெக்கி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நீ போய் வழியனுப்பு என்றார். நான் தள்ளி நின்றே கையசைத்தேன்.

கோபியிலிருந்து குரல் வந்தது: "இன்னுங் கொஞ்சம் கிட்டப் போய் நில்லுங்க சார். ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாக்கோணுமுங்க."