ஜேனலுக்கு நாள் தள்ளிப்போனது

பதினேழு நாள் தள்ளிப்போயிருந்தது. ஜேனல் லிண்ட்குவிஸ்ட் சமையலறை நாட்காட்டியில் விரல் வைத்து மூன்றாம் முறை எண்ணினாள். எப்படி எண்ணினாலும் பதினேழுதான்.

டிசம்பரில் கர்ப்பப்பைக் கட்டிகளை அகற்ற அறுவை சிகிச்சை நடந்தது. "ஆறு வாரத்துல மாதவிலக்கு பழையபடி வந்துடும். ஆனா இப்போதைக்குக் குழந்தை உண்டாகக் கூடாது, ஆபத்து" என்று முன்கூட்டியே மருத்துவர் எச்சரித்திருந்தார். அந்த ஆறு வாரமும் முடிந்துதான் இந்தப் பதினேழு நாள். அறுவைக்குப் பிறகு போக வேண்டிய சோதனையன்று பனிப்புயல். வேறு தேதி கேட்டு மருத்துவமனையைத் தொந்தரவு செய்ய அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

வயதோ நாற்பத்தைந்து. ஒரே மகள் கல்லூரிக்குப் போயாயிற்று. பத்தொன்பது வருடம் ஊர்த் தபாலைப் பிரித்துப் போட்டவளுக்கு இப்போதுதான் அஞ்சலகத் தலைமைப் பதவி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இந்த நேரத்திலா தொட்டிலும் தாலாட்டும்?

அவள் ஊரான ஹார்ல்டனில் இருப்பவர்கள் மினசோட்டா மாநிலத்திலேயே மரியாதைக்குப் பேர்போனவர்கள். எதிர்வீடு பற்றி எரிந்தாலும், "இன்னைக்குக் கொஞ்சம் கதகதப்பா இருக்குல்ல?" என்பார்களே தவிர, நெருப்பு என்ற பேச்சை எடுக்க மாட்டார்கள். உள்ளூர் மருந்துக் கடையில் கர்ப்பச் சோதனைப் பெட்டி வாங்கினால் மானம் போய்விடும் என்று ஜேனல் நாற்பது மைல் காரோட்டிப் போனாள். பெட்டியை ரொட்டிக்கு அடியில் ஒளித்துக்கொண்டு திரும்பினால், எதிரே தேவாலயத்து மகளிர் குழுத் தலைவி ஆர்லிஸ்!

"ஏம்மா ஜேனல், இவ்ளோ தூரம் வந்திருக்கே? நல்ல குளிரு, இல்ல?"

"ஆமாங்க, நல்ல குளிரு."

ஆர்லிஸின் கண் கூடையை ஒரு துழாவு துழாவியது. "ரொட்டி பெருசா வாங்கியிருக்கே. நல்லது, நல்லது. இனிமே தெம்பா சாப்பிடணும்."

போச்சுடா, என்று ஜேனல் உள்ளுக்குள் அலறினாள்.

சோதித்தால் ஒரே கோடு. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், பெட்டிக்குள்ளிருந்த சீட்டு 'சீக்கிரம் சோதித்தால் தவறாகலாம். மூன்று நாள் பொறுக்கவும்' என்றது. பொறுத்தாள். மறுபடியும் ஒரே கோடுதான். ஆனால் நாள் இருபதாகிவிட்டது. காலையில் குமட்டல் வேறு. பயத்தில் குமட்டுகிறதா, பிள்ளையால் குமட்டுகிறதா என்று யாரைப் போய்க் கேட்பது?

அன்று சாப்பாட்டு மேசையில் கணவனிடம் போட்டு உடைத்தாள். "கர்ட், எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

கர்ட்டின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது. "ஓ."

"இருபது நாள்."

"அடடா."

"குழந்தையா இருக்குமோ?"

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அது... அப்படி இருக்காதுன்னு தோணுது."

"நீ என்ன டாக்டரா?"

"இல்ல. சும்மா... தோணுது." எழுந்தான், குல்லாயை மாட்டினான். "மீன் நல்லா கடிக்கிற நேரம்" என்று சொல்லிவிட்டு, உறைந்த ஏரியின் மேல் போட்டிருந்த தன் மீன்பிடிக் குடிசைக்கு ஓடியே போய்விட்டான்.

பிள்ளை என்றதும் ஆம்பிளைக்கு உதறல் எடுத்துவிட்டது என்று ஜேனலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆர்லிஸ் அதற்குள் ஊர் முழுக்க ஜாடையாகப் பேசி முடித்திருந்தாள். விசேஷம் என்றால் அக்கம்பக்கத்தார் சமைத்துத் தரும் ஹாட்டிஷ், சுடச்சுட மூன்று தட்டு வாசலில் வந்து இறங்கியது. மூன்றிலும் அதே மாட்டிறைச்சி, அதே உருளைக்கிழங்கு. மகளிர் குழு வாத்துப் படம் போட்ட போர்வை தைக்க ஆரம்பித்தது. மரக்கடைக்காரர் கர்ட்டின் கையைக் குலுக்கி, "சும்மா கிடந்த பலகைதான், எதுக்காவது ஆகும்" என்று வண்டியில் ஏற்றிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல கர்ட்டுக்கு வாய் வருமா? மறுநாளே கொட்டகையில் ரம்பச் சத்தம். ஜேனல் எட்டிப் பார்த்தாள். தொட்டில்!

உதறலையெல்லாம் உதறிவிட்டுத் தொட்டில் செய்கிறானே மனுஷன்! இவ்வளவு நல்லவனையா மனத்துக்குள் திட்டித் தீர்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை அவனிடமே கேட்டாள். "தலைமைப் பதவின்னா மூட்டை தூக்கணும், ராத்திரி பகல்னு அலையணும். டாக்டர் ஆபத்துன்னாரே. வேண்டாம்னு எழுதிடட்டுமா?"

கர்ட் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். "உன் இஷ்டம்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை கடிதம் போயிற்று. மதியத்துக்குள் பதவி டார்லாவுக்குப் போய்விட்டது. பத்து வருடமாகத் தபாலைத் தப்புத் தப்பாகப் பிரிக்கிற டார்லா! "நீ ஓய்வெடு கண்ணு" என்று சாவிக்கொத்தை ஆட்டிச் சிரித்தாள். ஜேனல் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, "வாழ்த்துகள்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காப்பி குடிக்கும்போது, மகளிர் குழு வளைகாப்பு மாதிரி நடத்தப்போகும் விருந்துக்காக, "கேக்குல எந்த மாசம்னு எழுதறது?" என்று ஆர்லிஸ் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஜேனல் கூச்சத்தை விழுங்கிவிட்டுத் திங்கட்கிழமை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

எடுத்த நர்ஸ் நியூ ஜெர்சிக்காரி. சுற்றி வளைக்கத் தெரியாதவள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தாள் ஜேனல். "நான் ஜேனல் லிண்ட்குவிஸ்ட். டிசம்பர்ல எனக்கு அங்க ஆபரேஷன் ஆச்சு. இப்ப நாள் தள்ளிப்போயிருக்கு. குழந்தை எந்த மாசம் பிறக்கும்னு கணக்குப் பண்ணிச் சொல்ல முடியுமா?"

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"மேடம், அன்னைக்கு ரத்தம் நிக்காம கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதாப் போச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னோமே, 'நான் நல்ல நேரம் பார்த்துப் பக்குவமா எடுத்துச் சொல்லிக்கறேன்'னாரே... இன்னுமா நேரம் வரல?"