நிற்காத சைக்கிளும் கைமாறிய சாவியும்

மதிப்பிற்குரிய சகலை அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கே நீங்களும், என் மனைவியின் தங்கையும், பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். மற்றவர்கள் எப்படியோ, நீங்கள் கட்டாயம் நல்ல தெம்புடன் இருக்க வேண்டும். இக்கடிதத்தைக் கடைசிவரை படிக்க அது தேவைப்படும். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

எங்கள் பகுதியில் காலை ஏழு மணிப் பேருந்தை நிறுத்தியதும், ஆறு கிலோமீட்டர் தூரத்திலுள்ள பல் மருத்துவமனைக்கு நான் எப்படிப் போவது என்று குடும்பமே யோசித்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே ஒரு பழைய சைக்கிளை உங்கள் வேனில் ஏற்றிவந்து என் வாசலில் சாய்த்துவிட்டுப் போனவர் நீங்கள். ஸ்டாண்டு இல்லாததால் சாய்த்தீர்கள். மட்கார்டு, கேரியர், மணி எதுவும் இல்லை. "கியரே கிடையாதுண்ணா, ஒரே வேகம். கெட்டுப்போறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல" என்றீர்கள். லிஃப்ட் மெக்கானிக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன்.

எனக்கு இதில் என்ன நஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது, ஆகையால் சொல்கிறேன். நான் பதிவு எழுத்தர் மட்டுமல்ல. மருத்துவமனையின் வாசல் சாவி இருபத்திரண்டு வருடங்களாக என் சட்டைப்பையில்தான் இருந்தது. காலை ஏழரைக்கு நான் கேட்டைத் திறந்தால்தான் டாக்டர்கள் உட்பட எல்லோரும் உள்ளே போக முடியும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். தெருமுனையில் என் தலை தெரிந்ததும் "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்பார்கள். என் கல்யாணத்தில்கூட என்னை யாரும் அப்படி வரவேற்றதில்லை. புதிதாக வந்த தலைமை மருத்துவர் அம்மா நேரத்தில் கண்டிப்பானவர். மூன்று முறை தாமதமானால் சாவி மருந்தாளுநரிடம் போய்விடும் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்.

முதல் தாமதம் உங்கள் சைக்கிளின் கைப்பிடியால் வந்தது. அது கீழ்நோக்கி வளைந்திருந்ததால் எனக்குச் சாலையே தெரியவில்லை, முன்சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. ஆகவே அதைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். இப்போது சாலை நன்றாகத் தெரிந்தது, ஆனால் கீழே என் வலது பேண்ட் கால் சங்கிலிக்குள் போய்க்கொண்டிருந்தது தெரியவில்லை. பாலத்தருகே வண்டி என்னைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, இறங்கவும் முடியவில்லை. நடைப்பயிற்சிக்குப் போன ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய்க் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். அன்று ஒன்பது நிமிடம் தாமதம். நாள் முழுக்க ஒரு கால் முழுப்பேண்ட், ஒரு கால் அரைப்பேண்ட் என்று மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது தாமதம் பிரேக்கால். கேரியர் மாட்டுவதற்காகப் பின்பிரேக்கைக் கழற்றினேன். மாட்டிய பிறகு பார்த்தால் பிரேக்குக்கு இடமில்லை. சாப்பாட்டு டப்பா வைக்க இடம் வேண்டுமல்லவா, ஆகவே கேரியரை வைத்துக்கொண்டு பிரேக்கை அலமாரியில் வைத்தேன். முன்பிரேக் இருக்கிறதே என்று அதை நன்றாக முறுக்கி வைத்தேன். வேகத்தடைக்கு முன்னால் அதை லேசாகத்தான் தொட்டேன், சகலை. வண்டி அங்கேயே நின்றது, நான் மட்டும் மேலே போனேன். டப்பா எனக்கும் முன்னால் போனது. எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு நிமிடம் தாமதம், முழங்காலும் வீங்கிவிட்டது. இனி முன்பிரேக்கைத் தொடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

மூன்றாவதுதான் என் குடியைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமை மாலை மட்கார்டு மாட்டுவதற்காகப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். திரும்ப மாட்டப் போனால், அதன் இரண்டு பக்கமும் பல்சக்கரம் இருக்கிறது. எதைச் சங்கிலிப் பக்கம் வைப்பது? உங்களுக்குப் போன் செய்தேன். "எந்தப் பக்கம் வேணும்னாலும் மாட்டலாம்ணா" என்று சொன்னது நீங்கள்தான், மறுக்க முடியாது. ஒரு பக்கத்துப் பல்சக்கரத்தில் சங்கிலியை மாட்டினால், நாம் காலை நிறுத்தினாலும் வண்டி பாட்டுக்கு ஓடும். மறுபக்கத்தில் வண்டி ஓடுகிறவரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், காலை நிறுத்தவே முடியாது. இது எனக்குச் சனிக்கிழமை காலை ஏழு இருபத்துநான்குக்குத்தான் தெரிந்தது; அதுவரை வழியெல்லாம் சமதளம், நான் மிதிப்பதை நிறுத்தவே இல்லை.

எங்கள் கேட்டுக்கு எதிரே ரவுண்டானா இருப்பதும், அதை நோக்கிச் சாலை சரிவாக இறங்குவதும் உங்களுக்கு நினைவிருக்கும். சரிவில் வழக்கம்போல் காலை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை, என்னைச் சீட்டிலிருந்து ஒரு சாண் தூக்கி மறுபடி உட்காரவைத்தது. அன்று நான் வண்டியை மிதிக்கவில்லை, வண்டிதான் என்னை மிதித்தது. பின்பிரேக் அலமாரியில். முன்பிரேக்கைத் தொடக் கை வரவில்லை. ரவுண்டானாவைச் சுற்றுவது தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. சரிவு முடிந்த பிறகும், விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் என் கால் பெடலோடு சேர்ந்து தன்னால் மிதித்துக்கொண்டே இருந்தது. முதல் சுற்றில் நோயாளிகள் "வந்துட்டாரு" என்றார்கள். இரண்டாம் சுற்றில் "போறாரு" என்றார்கள். மூன்றாம் சுற்றில் தலைமை மருத்துவரின் கார் வந்து கேட்டின் முன் நின்றது, நான் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். நான்காம் சுற்றிலும் வணக்கம் சொன்னேன், என்ன இருந்தாலும் அதிகாரி. தாடை வீங்கிய ஒருவர் கன்னத்தை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, "ஐயோ, யாராச்சும் அவரை நிறுத்துங்கப்பா, சிரிச்சா வலிக்குது" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

மணி ஏழு இருபத்தொன்பது. அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. கேட் நேரத்துக்குத் திறந்தாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், ஐந்தாம் சுற்றில் சாவியை எடுத்து, "பிடிங்க சார்!" என்று மருந்தாளுநரை நோக்கி எறிந்துவிட்டேன். அந்த மனிதர் மாத்திரை அட்டையை நீட்டினால்கூடக் கீழே போடுகிறவர். அன்று ஒற்றைக் கையால் பிடித்தார். கேட் சரியாக ஏழரைக்குத் திறந்தது. நான் ஏழு முப்பத்துமூன்றுக்குச் செடிவேலிக்குள் புகுந்து நின்றேன்.

அம்மா என்னிடம் வந்தார். "இதோட மூணாவது தடவை" என்றார்.

"ஏழு இருபத்துநாலுக்கே வந்துட்டேன் மேடம். நிக்கத்தான் லேட்டாயிடுச்சு" என்றேன்.

"நின்னாத்தாங்க வந்த மாதிரி. சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். யார் திறந்தா என்ன, கேட்டு திறந்தா சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை வண்டியைத் தொடாமல் நடந்தே போனேன். ஏழு பத்துக்கே போய்விட்டேன். யாரும் "வந்துட்டாரு" என்று சொல்லவில்லை. கேட்டுக்கு வெளியே எல்லோரோடும் நின்றேன். பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போனது, பையில் பேனா மட்டும்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப வலிக்குதாங்க? மேல் பல்லா, கீழ்ப் பல்லா?" என்று கேட்டார். "கீழ்ப் பல்" என்று சொல்லிவிட்டேன், சகலை. பாவம், எனக்காக வரிசையில் ஒதுங்கி இடம் விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்வலி என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். வீட்டில் சொன்னால் "சாவிதானே போச்சு, வேலை போகலையே" என்கிறாள் என் மனைவி. காலையில் நாற்பது பேர் தனக்காகக் காத்திருப்பது என்னவென்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை வேனைக் கொண்டுவந்து உங்கள் சைக்கிளை எடுத்துப்போய்விடுங்கள். கூடவே, சக்கரத்தை மாற்றி மாட்டியது உங்கள் தவறான யோசனையால்தான், என் கவனக்குறைவால் அல்ல என்று தலைமை மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொண்டுவாருங்கள். மெக்கானிக் என்பதைக் கையெழுத்துக்குக் கீழே மறக்காமல் குறிப்பிடவும். அது கைக்கு வரும்வரை நம் இரு குடும்பத்துக்கும் போக்குவரத்து வேண்டாம் என்று கருதுகிறேன்.

உங்கள் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல பற்களோடும் வாழ என் ஆசிகள். உங்கள் மனைவிக்கு என் அன்பு. உங்களுக்கு என் மரியாதை மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி இதை வாங்கிப் படித்துவிட்டாள். படித்து முடித்துக் கடிதத்தை என் முன்னால் வைத்தாள். பிறகு, "அன்னைக்குப் போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு, எனக்கும் கேட்டுச்சு" என்றாள். "'எந்தப் பக்கம் வேணும்னாலும் மாட்டலாம்ணா, ஆனா'ன்னு அவர் ஆரம்பிச்சார். நீங்க 'போதும் போதும், எல்லாம் எனக்குத் தெரியும்'னு வெச்சுட்டீங்க. அவர் திரும்ப ரெண்டு தடவை கூப்பிட்டார். நீங்க எடுக்கல." போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு அழைப்பும் அதில் இருக்கின்றன. ஆகவே மேற்படி கடிதத்தில் தவறு "உங்கள்" மீது என்று வருமிடமெல்லாம் "என்" என்று திருத்தி வாசிக்கவும். நீங்கள் யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம். தலைமை மருத்துவரிடம் நாளை நானே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சாவி திரும்பி வராது என்றே நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவசியம் வாருங்கள், வேன் வேண்டாம். வந்து, அந்த "ஆனா"வுக்குப் பிறகு என்ன சொல்ல வந்தீர்களோ அதைச் சொல்லுங்கள். கடைசிவரை கேட்கிறேன்.