முட்டை அறையில் மௌனம்

அமைதியை வடிவமைத்துத் தருகிறவர்கள் அமைதியானவர்களாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சாட்சி நானே. தியேட்டரில் இடைவேளைக்கு முன்பே பக்கத்து சீட்டுக்காரருக்கு முடிவைச் சொல்லிவிடுகிற ரகம் நான்.

இன்டீரியர் டிசைனராகத் தனியே தொழில் தொடங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, தொண்டாமுத்தூரில் தேங்காய் மண்டி நடத்தும் சாரதாமணி அம்மாவின் வீடு. கணவர் இல்லை. மகன் கார்த்தி, மருமகள் நித்யா, கல்லூரி போகும் பேத்தி. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு செல்போன்.

"எல்லாரும் ஒண்ணா உக்கார்ற மாதிரி ஒரு ரூமு வேணும் அம்மணி" என்றார்.

விடுவேனா? சாமி படம் இல்லாத, டிவி இல்லாத, எந்த மதமும் சொந்தம் கொண்டாட முடியாத தியான அறை என்று, மௌனத்தின் மகிமையை மூச்சு விடாமல் பேசித் தீர்த்தேன். முட்டை வடிவச் சுவர், வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, வளைந்த கூரை. வரைபடத்தின் மேல் 'தலைமுறைகளை அணைக்கும் கருவறை' என்று எழுதியும் வைத்தேன். (இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.)

வேலை முடிந்ததும் சாரதாமணி அம்மா சுற்றிப் பார்த்தார்.

"சாமியுமில்ல, டிவியுமில்ல. எதையப் பாத்துட்டு உக்கார்றது கண்ணு?"

"உள்ளே பாக்கோணுங்கம்மா."

"உள்ளதான நிக்கறேன்."

திறப்பு நாளன்று முட்டையின் ஒரு முனையில் அவரும் பேத்தியும் உட்கார்ந்தார்கள். எதிர்முனையில் கார்த்தியும் நித்யாவும். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி நானும் என் கணவரும். கண்ணை மூடச் சொன்னேன். மௌனம் ஆரம்பமானது.

எனக்கு வாய் அரித்தது. கணவர் காதருகே குனிந்தேன்.

"ஏனுங்க, இந்தம்மா வாயை மூடி இப்பத்தான் பாக்கறேன். இதுக்கே தனியா பில்லு போடோணும். சீலையப் பாருங்க, என்ற சுவரு கலரையே கெடுத்துப்போடுச்சு."

அந்தப் பக்கம் கார்த்தியும் நித்யாவும் தலையோடு தலை சேர்த்து ஏதோ முணுமுணுத்தார்கள். சாரதாமணி அம்மாவோ அசையவே இல்லை. பேத்தி துப்பட்டாவில் முகத்தைப் புதைத்திருந்தாள், தோள்கள் குலுங்கின. பிள்ளை அழுகிறாள், அறை வேலை செய்கிறது என்று எனக்கே கண் கலங்கியது.

சாரதாமணி அம்மா கண்ணைத் திறந்தார்.

"கார்த்தி, பிளாட்டு எத்தனாவது மாடி?"

"எந்த பிளாட்டுங்கம்மா?"

"சரவணம்பட்டில புக் பண்ணுனது. இன்னைக்குச் சொல்லலாமா, தீபாவளி போவட்டுமான்னு பொண்டாட்டிகிட்ட கேட்டியே, அது."

கார்த்தியின் முகம் சுண்ணாம்புச் சுவரைவிட வெளுத்தது. சாரதாமணி அம்மா என் பக்கம் திரும்பினார்.

"சீலை நல்லா இல்லீங்களா அம்மணி?"

முட்டை வடிவ அறையில் ஒரு முனையில் கிசுகிசுப்பது சுவரிலும் கூரையிலும் பட்டு எதிர்முனையில் குவியுமாம். கல்லூரியில் அதைச் சொல்லிக்கொடுத்த அன்று நான் பக்கத்தில் இருந்தவளிடம் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அடுத்து நடந்ததை மௌனத்தில் சேர்க்க முடியாது. தினமும் இங்கிருந்து சரவணம்பட்டி ஆபீஸுக்குப் போய்வருவதற்குள் உயிர் போகிறது என்று நித்யா அழுதார். "அதைச் சொன்னா நானென்ன கடிச்சா போடுவேன்?" என்று மாமியார் கத்தினார். "மூணு பெட்ரூமுங்கம்மா, ஒண்ணு உங்களுக்குத்தான்" என்று கார்த்தி கெஞ்சினார். நான் நைசாக வாசலைப் பார்த்து நகர்ந்தேன்.

"நீ எங்க போற? உக்காரு, சோறு தின்னுட்டுப் போவியாமா" என்று சாரதாமணி அம்மா அதட்டினார்.

உட்கார்ந்தேன். வேறு யார் முன்னாலும் அவ்வளவு சாதுவாக நான் உட்கார்ந்ததில்லை.

"மண்டிய உட்டுப்போட்டு நான் வரமாட்டேன். நீங்க போங்க. ஞாயித்துக்கிழமையானா இங்க வந்துபோடோணும்" என்று கடைசியில் தீர்ப்பானது.

போனார்கள். ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். நேருக்கு நேர் சொல்ல வராததை எதிர்முனையில் உட்கார்ந்து சுவரிடம் சொல்லிவிடுகிறோம் என்று நித்யா போனில் சொன்னார். அவருடைய மாமியார் சொந்தக்காரர்களிடமெல்லாம் என்னைச் சிபாரிசு செய்கிறாராம்: "வேலை சுத்தமுங்க. வாய்தான் கொஞ்சம்."

எங்கள் வீட்டில் இன்றும் நான் யாரைப் பற்றியாவது சொல்லக் குரலைத் தாழ்த்தினால் போதும், கணவர் எழுந்து போய் மிக்ஸியை ஓடவிடுவார். அதில் தேங்காய் இருக்கிறதா, சட்னி வேண்டுமா என்றெல்லாம் பார்ப்பதில்லை.