பதிவேட்டின்படி அறுபத்தொன்று

பதிவுத் துறை அலுவலகத்தில் பொதுமக்கள் சராசரியாக நாலரை மணி நேரம் காத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னது. அதே பொதுமக்கள் வீட்டில் ‘நாலில் எது?’ நிகழ்ச்சிக்கு முன்னால் வாரத்துக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர்கூடப் புகார் கொடுப்பதில்லை என்று அந்த ஆய்வின் பின்னிணைப்பு சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்த துறை இயக்குநர், மக்களுக்குக் காத்திருப்பது பிரச்சினையே இல்லை, சலிப்புதான் பிரச்சினை என்ற முடிவுக்கு வந்தார். அரசாங்கத்தில் ஒருவர் இரண்டு தாளைச் சேர்த்துப் படிப்பது அபூர்வம் என்பதால் யாரும் அவரைத் தடுக்கவில்லை.

‘நாலில் எது?’ இருபத்துநாலு வருடமாக ஓடுகிறது. ஒரு கேள்வி, நாலு விடை, ஒரு நாற்காலி. இதுவரை மூன்று தொகுப்பாளர்கள். முதலாமவர் கோட்டுக்காரர். கேள்வியைக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “யோசிச்சுச் சொல்றீங்களா, சொல்லிட்டு யோசிக்கிறீங்களா?” என்பார். அப்புறம் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் ஒரு ஆளுக்கு முழுச் சவரம் செய்து முடித்துவிடலாம். இதை நான் அளந்தே சொல்கிறேன். எனக்கு முடிதிருத்தும் கடை. இரண்டாவது தொகுப்பாளர் கைக்குட்டைக்காரர். விடை தெரிந்தவனை அவருக்குப் பிடிக்காது. வீட்டில் யார் செத்தார்கள், யார் படுக்கையில் என்று கேட்டுத் தானும் அழுவார். மூன்றாமவர் ஸ்பிரிங். கேள்வி முடிவதற்குள் நாற்காலிமேல் ஏறிக் குதித்துவிடுவார்.

என் கடையில் தினமும் இந்தச் சண்டைதான். நான் கோட்டுக்காரர் கட்சி. கைக்குட்டைதான் மனிதாபிமானம் உள்ளவர் என்று ஒருவர் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து சொன்னதற்கு, அவரை ஒரு பக்க மீசையோடு ஒரு மணி நேரம் உட்கார வைத்தேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அலுவலகத்தை நிகழ்ச்சி மாதிரியே நடத்துவது என்று தீர்மானமானபின், எந்தத் தொகுப்பாளர் பாணியில் நடத்துவது என்று ஆராய ஏழு பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. குழு பதினோரு முறை கூடியது. பழைய நிகழ்ச்சிகளை வரவழைத்துப் பார்த்தது. கோட்டுக்காரரின் நிறுத்தம் சராசரி எத்தனை நொடி, கைக்குட்டைக்காரர் ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை முறை கண்ணைத் துடைக்கிறார், ஸ்பிரிங் எவ்வளவு உயரம் எழும்புகிறார் என்று அட்டவணை போட்டது. அந்த ஐந்து மாதமும் பதிவேட்டில் ஒரு எழுத்துகூடத் திருத்தப்படவில்லை, ஏனென்றால் திருத்த வேண்டியவர்கள் குழுவில் இருந்தார்கள். கடைசியில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை என்று ஒருமித்த கருத்தாக அறிக்கை வந்தது. ஆகவே மூன்று கவுண்டர், மூன்று பாணி.

முதல் கவுண்டரில் தலைமை எழுத்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மின்விசிறி அவருக்கு நேர் எதிர்ப் பக்கம் பார்த்துச் சுற்றும். மனிதர் வழிய வழிய வியர்த்தபடி கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். இரண்டாவதில் ஒரு மூத்த எழுத்தர் அம்மா, அரசு செலவில் கைக்குட்டையோடு. மூன்றாவதில் புதிதாகச் சேர்ந்த தட்டச்சர் குதித்தார்.

விதி எளிமையானது. விண்ணப்பதாரர் தம் ஆவணத்தைப் பற்றித் தெரிந்தவர்தானா என்று உறுதிசெய்ய, அவருடைய பதிவைப் பற்றியே ஒரு கேள்வி. சரியாகச் சொன்னால் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும். தவறாகச் சொன்னால் பதினைந்து நாள் கழித்துத்தான் மறுபடி வரலாம். சரியான விடை எது? பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அது.

என் கடைக் கதவு எண் பதினேழு. பதிவேட்டில் எழுபத்தொன்று என்று இருந்தது. திருத்தப் போனேன். முதல் கவுண்டர்தான், வேறெங்கே போவேன்?

“உங்க கடையோட கதவு எண் என்ன?” தலைமை எழுத்தர் நாலு எண்களைப் படித்தார். “யோசிச்சுச் சொல்றீங்களா, சொல்லிட்டு யோசிக்கிறீங்களா?”

எனக்கு விளையாட்டு தெரியும். “எழுபத்தொண்ணு” என்றேன்.

நிறுத்தம். நல்ல நிறுத்தம்தான், அசலுக்கு நாலணா குறைவு. “சரியான விடை!”

வரிசை முழுக்கக் கை தட்டியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“ஆனா ஒண்ணு கேக்கறேன்” என்றார். “எழுபத்தொண்ணுன்னு நீங்களே சொல்றீங்க. பதிவேட்லயும் அதான் இருக்கு. அப்புறம் எதைத் திருத்தணும்?”

நியாயமாகத்தான் பட்டது. கையைக் குலுக்கிவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கும் என் தபால் எழுபத்தொன்றாம் எண் வீட்டுக்குத்தான் போகிறது. அவர்களும் நல்ல மனிதர்கள், படித்துவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு மத்தியானம் கடையை மூடிவிட்டு அலுவலகத்துக்குப் போவது வழக்கமாகிவிட்டது. நான் மட்டுமில்லை, ஊரே போயிற்று. பார்வையாளருக்கு அறுபது நாற்காலி போட்டார்கள். அப்புறம் நாற்காலிக்கு டோக்கன் கொடுத்தார்கள். பிறகு டோக்கன் வாங்க ஒரு தனி வரிசை வந்தது. மக்கள் கருத்துக் கேட்பதற்காக ஒவ்வொரு நாற்காலியிலும் நாலு பொத்தான் வைத்த சின்னப் பெட்டி ஒன்றும் வந்தது. துறைக்கு வந்த புகார்கள் பாதிக்குமேல் குறைந்துவிட்டன என்று செய்தி போட்டார்கள். உண்மைதான். புகார் கொடுக்க வேண்டியவன் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருப் பேருந்து ஓட்டுநர் வந்து மாட்டிக்கொண்டார். இருபது வருடமாக என்னிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறார். அவர் மகளுக்குச் செவிலியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. வயதுச் சான்றை மூன்றாம் வார வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. சான்று எடுக்கப் போனால், பதிவேட்டின்படி மகளுக்கு வயது அறுபத்தொன்று. அவருக்கே நாற்பத்தேழு. பெண் தன் அப்பாவைவிடப் பதினாலு வயது மூத்தவள்.

மனிதருக்குத் தொலைக்காட்சி பார்க்க நேரமில்லை. அதனால் உண்மையைச் சொல்லிவிட்டார். “பத்தொம்பது சார். பொறந்தப்போ நான்தான் ஆஸ்பத்திரில பக்கத்துல இருந்தேன்.”

“தவறான விடை” என்றார் தலைமை எழுத்தர். “பதினஞ்சு நாள்.”

பதினைந்து நாள் கழித்து, இரண்டாவது கவுண்டரில் இரக்கம் கிடைக்கும் என்று யாரோ சொல்லி அங்கே போனார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா கைக்குட்டையை விரித்தார். “சொல்லுங்கண்ணா. இந்தப் பொண்ணு பொறந்தப்போ வீட்ல என்ன கஷ்டம்?”

“கஷ்டம் ஒண்ணுமில்லம்மா. ரொம்ப சந்தோஷமா இருந்தோம்.”

“யாராச்சும் படுத்த படுக்கையா?”

“இல்லம்மா. எல்லாரும் நல்லா இருந்தாங்க.”

“ஒரு சண்டை? ஒரு பட்டினி? நல்லா யோசிங்கண்ணா, நான் உங்களுக்கு உதவத்தான் கேக்கறேன்.”

ஓட்டுநர் நிஜமாகவே யோசித்தார். “அன்னிக்கு மழை பெஞ்சுது” என்றார்.

கைக்குட்டை மடிந்தது. ‘உருக்கம் போதாமையால் நிராகரிக்கப்படுகிறது’ என்று முத்திரை விழுந்தது. மறுபடியும் பதினைந்து நாள். வெள்ளிக்கிழமைக்கோ நாலு நாள்தான் இருந்தது.

அன்றைக்கே கடைக்கு வந்து உட்கார்ந்தார். முடி வெட்டிக்கொள்ள வரவில்லை. “அண்ணே, உங்களுக்குத்தான் அந்த விளையாட்டு அத்துப்படியாச்சே. ஒரு வழி சொல்லுங்க. அவ கிடைக்காத இடத்தைக் கஷ்டப்பட்டுப் படிச்சு வாங்கியிருக்கா.”

“தடை உங்களுக்குத்தானே? அவளுக்கு இல்லையே” என்றேன். “அவளையே நேரா நிக்க வைங்க. அதுவும் வெள்ளிக்கிழமை மத்தியானம். அன்னிக்கு இயக்குநரே வர்றார்.”

அந்த வெள்ளிக்கிழமை ஒப்பீட்டு அமர்வு. மூன்று பாணியில் ஒன்றை மட்டும் நிரந்தரமாக்குவது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. மூன்று எழுத்தர்களும் ஒரே மேடையில். பரிசீலனைக்கு ஒரே ஒரு கோப்பு. எந்தக் கோப்பு என்று சீட்டுப் போட்டார்கள். ஓட்டுநர் மகளுடைய கோப்பே வந்தது. ஓட்டுநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

இயக்குநர் எழுந்தார். “மக்களே எஜமானர்கள். ஆகவே இன்று ஒரு நாள் மட்டும், விதிகளைத் தளர்த்தி, பார்வையாளப் பெருமக்கள் பெரும்பான்மையாகச் சொல்லும் விடையே சரியான விடையாகக் கொள்ளப்படும். அதுவே பதிவேட்டில் ஏற்றப்பட்டு உடனடியாகச் சான்று வழங்கப்படும். எந்தப் பாணி வெல்கிறது என்பதையும் அந்த விடையை வைத்தே தீர்மானிப்போம். பதிவேட்டில் உள்ள விடையே வந்தால் கோட்டுப் பாணி, இல்லாவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று.”

அந்தப் பெண் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். இரட்டைப் பின்னல். கையில் பள்ளிக்கூடப் பையை மாதிரி ஒரு பை. சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி பத்து நிமிடம்.

தலைமை எழுத்தர் கேட்டார்: “இவருடைய வயது என்ன? ஒன்று, பத்தொன்பது. இரண்டு, முப்பத்துநாலு. மூன்று, அறுபத்தொன்று. நாலு, இன்னும் பிறக்கவில்லை.”

நாலாவது விடையைத் தட்டச்சர் சேர்த்திருந்தார். சொன்னதும் ஒரு குதி குதித்தார்.

“இங்க இருக்கிற எல்லாருக்கும் கண்ணு இருக்கு சார்” என்றாள் அவள். “அவங்களே சொல்லட்டும்.” எங்களைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள். சின்ன வயதில் என் கடைக்கு வந்து உயரப் பலகையில் உட்கார்ந்தவள்.

முப்பது நொடி கொடுத்தார்கள். நான் யோசித்தேன். இதை நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்தொன்பதை அமுக்குவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் பதிவேட்டுக்கு மாறாக அமுக்கினால் கோட்டுக்காரர் பாணி அதோடு முடிந்தது. நாளைக்கு எவன் வேண்டுமானாலும் தன் வயதைத் தானே சொல்லிக்கொண்டு வருவான். இத்தனை வருடமாக நான் வாதாடிய வாதம் என்ன ஆவது? அதோடு, கைக்குட்டைக் கட்சியிலும் ஸ்பிரிங் கட்சியிலும் அத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்கள் எப்படியும் பத்தொன்பதை அமுக்கிவிடுவார்கள். என் ஒரு ஓட்டால் குடி முழுகிவிடாது. மானத்துக்கு ஒரு ஓட்டு என்று மூன்றை அமுக்கினேன்.

கைக்குட்டைக் கட்சியும் அப்படித்தான் நினைத்திருக்கிறது. பெண் முதலில் தோற்று அழுதால்தானே அந்த அம்மாவுக்கு வேலை, காப்பாற்றுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முப்பத்துநாலை அமுக்கினார்கள். ஸ்பிரிங் கட்சிக்கு நாலாவது விடையில்தான் கொண்டாட்டம்.

பலகையில் எண்கள் எரிந்தன. அறுபத்தொன்றுக்கு முப்பத்துநாலு பேர். இன்னும் பிறக்கவில்லை என்பதற்குப் பதினைந்து பேர். முப்பத்துநாலு வயதுக்கு ஒன்பது பேர். பத்தொன்பதுக்கு இரண்டு பேர். அந்த இரண்டு பேர் யார் என்று பிறகு விசாரித்தேன். கடைசி வரிசையில் ஒரு கணவன் மனைவி. வீட்டில் தொலைக்காட்சி பழுதாகி வருடக்கணக்காகிவிட்டதாம்.

“மக்கள் தீர்ப்பு வந்துவிட்டது!” என்றார் இயக்குநர். “கோட்டுப் பாணியே நிரந்தரம்!”

எங்கள் கட்சி எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. நானும் நின்றேன். ஓட்டுநர் மட்டும் மேடையை நோக்கி ஓடினார்.

“சார், அவளைப் பாருங்க சார். கண்ணால பாருங்க. அறுபத்தொண்ணா?”

“நான் பார்த்து என்ன பண்றது?” என்றார் இயக்குநர். உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது அவர் முகம். “நேத்து வரைக்கும் அது எழுத்தர் பண்ண தப்பு. திருத்தியிருக்கலாம். இன்னிக்கு அது மக்கள் முடிவு. அதுல கை வைக்க எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?”

பதிவேட்டில் ‘பொதுமக்களால் உறுதிசெய்யப்பட்டது’ என்று சிவப்பு முத்திரை விழுந்தது. சொன்ன சொல் தவறாமல் உடனடியாகச் சான்றும் கொடுத்தார்கள். கூடவே மூத்த குடிமக்கள் அட்டை, படி ஏறக் கைப்பிடி வசதி கோரும் படிவம், முழங்கால் பராமரிப்புக் கையேடு. பின்னல் போட்ட பெண் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மணி மூன்று ஐம்பது. பயிற்சிப் பள்ளிக்கு ஓடினால் பத்து நிமிடத்தில் போய்விடலாம். அவள் ஓடவில்லை. எதற்கு ஓட வேண்டும்?

வாசல் படியில் என்னை நிறுத்தினாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது ஆறுதல் சொல்லித் தப்பித்திருப்பேன். பின்னால் அறுபது பேரும் எந்தத் தொகுப்பாளர் இன்றைக்கு நன்றாக நடத்தினார் என்று பேசியபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா ஒரு படி கீழே நின்று என்னையே பார்த்தார்.

“மாமா” என்றாள். “நீங்க எதை அமுக்குனீங்க?”

கேட்டுவிட்டு நிறுத்தினாள். கண்ணை எடுக்கவில்லை. படியில் இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு வார்த்தை, உண்மையான வார்த்தை ஒன்று, வெளியே வரப் பார்த்தது. சத்தியமாக வரப் பார்த்தது. வெட்கமாக இருந்தது எனக்கு.

“என்னா நிறுத்தம்பா!” என்றார் பின்னாலிருந்து ஒருவர். “கோட்டுக்காரரே தோத்தார்!”

“இந்தப் பொண்ணையே நாலாவது தொகுப்பாளரா போடலாம்” என்றார் இன்னொருவர். “கைக்குட்டையெல்லாம் இதுகிட்ட பிச்சை வாங்கணும்.”

படி முழுக்கக் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே இருந்தார்கள். எனக்குப் பதில் சொல்லும் வேலை மிச்சமாயிற்று.