பரோலோவில் சாம்பிராணி

"வாய் கொப்பளிச்சுத் துப்புறதுக்கும் ஒரு படிப்போ, பிள்ளை?"

கேட்டவர் தேவன் மாமா. அம்மாவின் தம்பி, பாரிசில் ரூ காய் என்ற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கறிவேப்பிலைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பையும் சொல்லி முடித்துவிட்டார்.

"எங்கட மூக்கு மிளகாய்த்தூள் மூக்கு. வைனிலை ரோசாப்பூ மணக்குது, தார் மணக்குது எண்டு அவங்கள் சொல்லுவாங்கள். உனக்கு வைன்தான் மணக்கும்."

(சரியான பதில் எனக்குத் தோன்றியபோது ரயில் எங்கள் வீடு இருக்கும் சார்செலுக்கு வந்துவிட்டது. என்னுடைய நல்ல பதில்கள் எல்லாம் ரயிலில்தான் வரும்.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவை எட்டாம் வகுப்பிலும் அம்மாவை ஆறாம் வகுப்பிலும் இடப்பெயர்வு வெளியே இழுத்துப் போட்டுவிட்டது. அதனால் வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு (பார்வையில் ஒரு குறையும் இல்லாத காலத்திலேயே எனக்குக் கண்ணாடி இருந்தது) நீதிபதி மாதிரி வாசித்துக் காட்டுவேன். தலைக்கனம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்பது என் கணக்கு. தம்பியைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வான்.

அப்படிப்பட்ட நான் வைன் வணிகம் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா உறவினர்களிடம், "பிள்ளை ஏற்றுமதி இறக்குமதி படிக்குது" என்று சொல்லி வைத்தார். அது பொய்யும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பாதி வாரம் வகுப்பு, பாதி வாரம் ஒரு நிறுவனத்தில் வேலை என்பது அந்தப் படிப்பின் முறை. மாத முடிவுக்குள் ஒரு நிறுவனம் என்னை எடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் கல்லூரியில் என் இடமும் போய்விடும். எழுதிப் போட்ட எல்லா இடத்திலும் கை விரித்தார்கள். கடைசியில், இத்தாலிய வைன் இறக்குமதி செய்யும் ஒரு சிறு நிறுவனம் மட்டும் பதில் போட்டது.

"வெள்ளிக்கிழமை, பியெமோந்தே பகுதிச் சிவப்பு வைன்களை ஒப்பிட்டுச் சுவைக்கிறோம். ஊற்றுவதற்கு உதவுங்கள். கூடவே சுவையுங்கள். உங்கள் மூக்கைப் பார்க்க வேண்டும். தயவுசெய்து பெர்ஃப்யூம் பூசிக்கொண்டு வராதீர்கள்."

என் தயாரிப்பில் யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க முடியாது. வைன் சுவைப்பவர்கள் விழுங்காமல் துப்பிவிடுவார்கள் என்பதால், குளியலறையில் திராட்சைச் சாற்றை வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிப் பழகினேன். (அம்மா கதவைத் தட்டி, "என்ன பிள்ளை, சத்தி வருதோ?" என்று கேட்டார். அந்தக் குரலில் வேறொரு பயம் இருந்தது எனக்குப் பிறகுதான் உறைத்தது.) முதல் நாளிலிருந்து வீட்டில் கருவாட்டுக்குத் தடை. "உனக்கு வேலை கிடைக்குமட்டும் நான் பாணும் பட்டருமோ?" என்று அப்பா முறைத்தார். வெள்ளிக்கிழமை காலை பல்லைக்கூட உப்பால்தான் விளக்கினேன். கிரீம் இல்லை, பவுடர் இல்லை, கோப்பி இல்லை. மணமே இல்லாத ஒரு பெண் பாரிசில் உண்டென்றால் அது நான்தான் என்ற பெருமையோடு தலை முழுகிவிட்டு வந்தேன்.

"இஞ்சை வந்து இரு," என்றார் அம்மா. "ஈரத்தலையோட போனா தடிமன் பிடிக்கும். தடிமன் பிடிச்சா மூக்கு அடைக்கும். மூக்கு அடைச்சா வேலையும் போச்சு."

இதில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. அம்மா கதிரையில் ஏறி, கூரையில் இருந்த புகை எச்சரிக்கை மணிக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் அது அணியும் தொப்பிதான். பிறகு சாம்பிராணியைக் கொளுத்தி என் பின்னால் வைத்து, முடியை விரித்துப் பிடித்தார்.

"அம்மா, பெர்ஃப்யூம் கூடாது எண்டு எழுதியிருக்கு."

"இது பெர்ஃப்யூமோ? சாமிப் புகை. கண்ணூறு நாவூறும் கிட்ட வராது."

நானும் ஒத்துக்கொண்டேன். பெர்ஃப்யூம் என்றால் சீசாவில் வருவது. சாம்பிராணியை ஒரு மணமாக நான் ஒருநாளும் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டில் அது சுவரின் நிறம் மாதிரி, இருந்துகொண்டே இருக்கும்.

ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான பெண்மணி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். நல்ல பக்தி என்று நினைத்தேன்.

சுவைக்கும் இடம் கார் து நோர் நிலையத்துக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஒரு நிலவறை. மேசையைச் சுற்றி மூன்று பேர். நிறுவனத்தை நடத்தும் மதாம் ரெனார். என்னை எடுப்பதும் விடுவதும் அவர் கையில். ஓர் உணவகத்தில் வைன் தெரிவு செய்யும் கிய்யோம்; சால்வையை உள்ளே வந்தும் கழற்றாதவர். பியெமோந்தேயிலிருந்து வந்திருந்த சின்யோர் பியேத்ரோ. மேசையில் இருந்த சில போத்தல்கள் அவருடைய சொந்தத் தயாரிப்பு. மதாம் வாங்குவாரா என்ற கவலை அவர் முகத்தில் எழுதியிருந்தது. என் முகத்திலும் ஏறக்குறைய அதுதான்.

போத்தல்கள் எல்லாம் கறுப்புத் துணிப்பைக்குள் இருந்தன. சில பரோலோ, சில பார்பரெஸ்கோ. கிட்டக்கிட்ட இருக்கும் குன்றுகளில் விளையும் ஒரே திராட்சை. பரோலோ மூத்த அக்கா. கறாரானவள், நாக்கைப் பிடித்து இழுப்பாள். பார்பரெஸ்கோ கொஞ்சம் சிரித்துப் பேசும் தங்கை. எது அக்கா, எது தங்கை என்று பார்க்காமல் சொல்ல வேண்டும்.

முதல் வைனை ஊற்றினேன். கிய்யோம் கிளாஸைச் சுழற்றி, மூக்கை விட்டு, கண்ணை மூடினார்.

"தூபம்."

"ஆமாம்," என்றார் மதாம். "பழைய கல் தேவாலயம். ஞாயிற்றுக்கிழமை."

நானும் மூக்கை விட்டேன். காய்ந்த ரோசாப்பூ இருந்தது. புதிதாகப் போட்ட தார் ரோட்டு இருந்தது. தேவாலயம் இல்லை.

இரண்டாவது வைன். கிய்யோம் இந்தமுறை கண்ணைத் திறக்கவே இல்லை. "இதில் இன்னும் கூட. முந்தியது கிராமத்துத் தேவாலயம். இது பேராலயம்."

மிளகாய்த்தூள் மூக்கு, மிளகாய்த்தூள் மூக்கு என்று மாமாவின் குரல் காதுக்குள் கேட்டது.

"நீங்கள் சொல்லுங்கள்," என்றார் மதாம் என்னைப் பார்த்து.

"ரோசாப்பூ. தார். கடைசியில், பாக்கைக் கடித்த மாதிரி ஒரு துவர்ப்பு. தூபம்... எனக்குக் கிடைக்கவில்லை மதாம்."

கிய்யோம் இரக்கத்தோடு சிரித்தார். "மத்மசெல், அது உங்கள் மூக்குக்கு முன்னாலேயே நிற்கிறது."

(தவறு. மூக்குக்குச் சற்றுப் பின்னால் நின்றது.)

மதாம் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலில் என் ஒப்பந்தம் படியேறி வெளியே போவது எனக்குத் தெரிந்தது. ஆகவே மூக்கால் இழந்ததை உழைப்பால் பிடிப்போம் என்று ஓடி ஓடி ஊற்றினேன். ஒவ்வொருவருக்கும் நன்றாகக் குனிந்து, மரியாதையாக ஊற்றினேன். ஒவ்வொரு முறை குனியும்போதும் என் பின்னல் தோளிலிருந்து வழுக்கி வந்து கிளாஸ்களுக்கு மேல் ஊஞ்சல் ஆடியது. நான்காவது வைனில் கிய்யோம் ரோமாபுரிக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். இதை உணவகத்தில் "பிரார்த்தனை செய்யும் வைன்" என்று சொல்லித்தான் கொடுக்கப்போவதாக அறிவித்தார்.

துணிப்பையை நீக்கிப் பார்த்தால், அது சின்யோர் பியேத்ரோவின் பரோலோ. மனுஷன் சந்தோஷப்படவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"என் வைனில் தேவாலயம் கிடையாது," என்றார். "நான் தேவாலயத்துக்குப் போவதே கிடையாது."

இத்தாலியில் தன் நிலவறையில் யாரோ எதையோ எரித்துப் பீப்பாய்கள் கெட்டுவிட்டன என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது. அந்த இடத்திலேயே மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். யாராவது நெருப்பு மூட்டினார்களா, பங்குச் சுவாமி ஆசீர்வதிக்க வந்தாரா என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. ஆனால் மறுமுனையில் இருந்தவர், காலங்காத்தாலேயே குடித்துவிட்டீர்களா என்று கேட்டது தெளிவாகப் புரிந்தது. அந்தத் தொனி எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

மதாம் வாய் கழுவத் தண்ணீர்க் கிளாஸை எடுத்தார். மூக்கருகே வந்ததும் கை நின்றது.

"தண்ணீரிலும் இருக்கிறது," என்றார்.

மதாம் வெறும் கிளாஸை மணந்து பார்த்தார். மேசையில் இருந்த பாண் ரொட்டியை மணந்து பார்த்தார். சின்யோர் பியேத்ரோ எழுந்து, விமான நிலையத்து நாய் மாதிரி மூக்கை நீட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். கிய்யோமைக் கடந்தார். துப்புகிற வாளியைக் கடந்தார். என் பின்னலுக்கு முன்னால் நின்றார்.

"மதோன்னா," என்று மெதுவாக மாதாவைக் கூப்பிட்டார்.

பின்னல் நுனியை எடுத்து நானும் மணந்து பார்த்தேன். சத்தியமாக ஒன்றுமே இல்லை. முடி, முடி மாதிரி இருந்தது. அந்தக் கணத்தில்தான் கூரையில் தொப்பி போட்டிருந்த எச்சரிக்கை மணி என் கண் முன்னால் வந்தது.

"பெர்ஃப்யூம் பூசினீர்களா?" என்று கேட்டார் மதாம்.

"இல்லை மதாம். வெள்ளிக்கிழமையல்லவா, என்னைப் புகை போட்டார்கள்."

(அதற்கு எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல், சால்மன் மீனுக்குச் சொல்வது. அதைத்தான் சொன்னேன்.)

சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்று பேரும் மிகவும் நாகரிகமாக நிலத்தைப் பார்த்தார்கள். மதாம் கதவைத் திறந்து வைத்து, சாப்பாட்டு இடைவேளை என்றார். போகலாம் என்பதற்கு அது ஒரு மரியாதையான வார்த்தை. எனக்குத்தான் தலைக்கனம் ஆயிற்றே.

"சாப்பாடு முடிய நான் வருவேன்," என்றேன். "மிச்ச வைனை ஊற்றிவிடாதீர்கள்."

ஓட்டமாக ரூ காய்க்கு வந்தேன். மாமா கடை வாசலில் நின்றார்.

"என்ன, மூக்கு தோத்துப்போச்சோ?"

"மூக்கில்லை மாமா. மயிர்."

நடந்ததைச் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. (பிறகு வட்டியோடு சிரித்தார்.) கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, ரூ பிலிப்-து-ஜிராரில் தன் கூட்டாளி நடத்தும் ஆண்கள் சலூனுக்குக் கூட்டிப்போனார். சவரத்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் தலை குழாய்க்குக் கீழே போனது. வெறும் துணிச் சவர்க்காரம். ஒவ்வொரு முறை அலசி முடித்ததும் மாமா குனிந்து உச்சந்தலையை மணந்து பார்ப்பார்.

"இன்னும் சாமி நிக்குது. ஊத்தடாப்பா."

மறுபடி குழாய்க்குக் கீழே. சவரத்துக்கு வந்த ஒருவர், "பேனோ அண்ணை?" என்று கேட்டார். "இல்லை, பக்தி," என்றார் மாமா.

கடைசியில் சாமி ஓரளவு இறங்கியது. மிச்சத்தை உள்ளேயே அடக்கி வைக்க மாமா கடையிலிருந்து ஒரு குளியல் தொப்பி எடுத்து மாட்டிவிட்டார். மஞ்சள் வாத்துகள் போட்டது. காலையில் எச்சரிக்கை மணிக்குக் கிடைத்த கௌரவம் மத்தியானம் எனக்குக் கிடைத்தது.

அந்தத் தொப்பியோடு கார் து நோரைக் கடந்து நடந்தேன். நிலவறைக்குள் இறங்கியபோது சின்யோர் பியேத்ரோ எழுந்து நின்று கை தட்டினார். எல்லா வைன்களையும் முதலிலிருந்து சுவைத்தோம். தேவாலயங்கள் இடிந்து போயிருந்தன. ரோசாப்பூ இருந்தது, தார் இருந்தது, பாக்கும் இருந்தது. சின்யோர் பியேத்ரோவுக்கு உயிர் திரும்பியது. கிய்யோம் மட்டும் கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டே இருந்தார், பாவம்.

நான் கெட்டிக்காரியாகி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அக்காவைத் தங்கை என்றேன். தங்கையை அக்கா என்று அடித்துச் சொன்னேன். வாத்துத் தொப்பிக்குள்ளிருந்து ஒருவர் அடித்துச் சொன்னால் பார்க்க எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

போகும்போது மதாம் கூப்பிட்டார். "எங்கள் எல்லோருக்கும் மணந்த ஒன்றை, எனக்கு மணக்கவில்லை என்று சொன்னது நீங்கள் மட்டும்தான். காரணம் படுமோசம். ஆனாலும் சொன்னீர்கள். கிய்யோமுக்குப் பிடிக்கட்டும் என்று தலையாட்டுகிறவர்கள் எனக்கு வேண்டியமட்டும் இருக்கிறார்கள்." பிறகு கொஞ்சம் யோசித்தார். "கல்லூரியில் கேளுங்கள், வகுப்பை வெள்ளிக்கிழமையில் வைக்க முடியுமா என்று."

ஒப்பந்தம் கையெழுத்தானது. படிப்பும் முடிந்தது. இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறேன். ஆனால் வீட்டில் எனக்கு மரியாதை திரும்பவே இல்லை. அம்மா சாம்பிராணி கொளுத்தும் ஒவ்வொரு வெள்ளியும் அப்பா பால் சேர்க்காத பிளேன்ரீக் கிளாஸைச் சுழற்றி, மூக்கை விட்டு, கண்ணை மூடுவார். "இண்டைக்குக் கிராமத்துத் தேவாலயம்," என்பார். தம்பி, "இல்லையப்பா, பேராலயம்," என்பான். எச்சரிக்கை மணியின் பழைய தொப்பி இப்போது சாம்பிராணி நேரத்தில் என் தலைக்கு. மணிக்கு அம்மா புதிதாக ஒன்று வாங்கிவிட்டார்.

மாமா மட்டும் இன்னும் பழைய கேள்வியை விடவில்லை. "சரி பிள்ளை, துப்புறதுக்கு ஒரு படிப்பு எதுக்கு?" இந்தமுறை பதிலை ரயிலுக்கு விட்டுவைக்கவில்லை. ரூ காயில் அவர் கடைக்கு மேலே இருக்கும் அறையை வரும் ஞாயிற்றுக்குப் பிடித்துவிட்டேன். பியெமோந்தே சிவப்பு வைன்கள், துணிப்பைக்குள். தெருவில் இருக்கும் கடைக்காரர்கள் எல்லோருக்கும் அழைப்புக் கொடுத்தாயிற்று. சாம்பிராணி, மல்லிகை, பெர்ஃப்யூம் மூன்றையும் தவிர்க்கவும் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். முன்வரிசையில் நடுக்கதிரை மாமாவுக்கு. அவருக்கென்று வெற்றிலைத் துப்பலுக்கு வைக்கும் பித்தளைப் படிக்கம் ஒன்றும் நேற்று வாங்கிவிட்டேன். அவர் கடையில்தான். கலியாண வீட்டுக்கோ என்று கேட்டபடி, அவரே அதைத் துடைத்து, பளபளவென்று சுற்றிக் கொடுத்தார்.