பன்றிக்கு மட்டும் எஸ்

துரைமார் ராஜ்யத்தில் ஒரு பன்றியைச் சுட வேண்டுமானால், முதலில் அதன் இலக்கணத்தைச் சரிசெய்ய வேண்டும். கொல்லிமலையில் குண்டனி நாட்டு அப்பாசாமிக்கு இந்தச் சங்கதி தெரியாது. பொழுது சாய்ந்தால் ஒரு காட்டுப்பன்றி வந்து குச்சிக்கிழங்கைத் தோண்டித் தின்கிறது, பாதிக் கொல்லை போய்விட்டது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். மீதியும் போனால் அவரும் மனைவி பாவாயியும் மழைக்காலத்தில் எதைத் தின்பது? துப்பாக்கி லைசென்சு கேட்க மலையிறங்கினார்.

அடிவாரத்துக் காரவள்ளியில் மனு எழுதும் ராசப்பன், பன்றி வருகிறது என்பதை 'பிக் கம்' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தான். தாலுகா ஆபீஸ் ஹெட் குமாஸ்தா குழந்தைசாமி அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை பன்னிப்பா வருது?"

"ஒண்ணுதானுங்க."

"ஒண்ணுன்னா 'பிக் கம்ஸ்'. வினையோட எஸ் சேரணும். கூட்டமா வந்தாத்தான் 'பிக்ஸ் கம்'."

"ஏனுங்க, எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டுலயும் ஒரு எஸ் போட்டுட்டா?"

"சர்க்கார் எஸ்ஸு இது. கண்டபடி இறைக்க முடியுமா? பன்னிக்குக் குடுத்தா வினைக்கு இல்லை. வினைக்குக் குடுத்தா பன்னிக்கு இல்லை."

ராசப்பன் மறுபடி எழுதினான். பன்றி வருகிறது, 'கம்ஸ்'. கலெக்டர் துரையும் கொல்லிமலைக்கு வருகிறார், 'கம்ஸ்'. வரும்போது கருணை காட்ட வேண்டும்.

குழந்தைசாமிக்கு வியர்த்துவிட்டது. தாசில்தார் மாதேஸ்வரனிடம் ஓடினார். "பன்னிக்கும் 'கம்ஸ்', துரைக்கும் 'கம்ஸ்'னு எழுதியிருக்கான் சார்!"

தாசில்தார் எழுந்தே நின்றுவிட்டார். "நம்ம பாஷையில துரை வருகிறார்கள்னுதானே சொல்றோம்? ஒருத்தரானாலும் பன்மை. அதுதான் மரியாதை. எடுங்க அந்த எஸ்ஸை!"

மேன்மை தங்கிய கலெக்டர் அவர்களின் வினைகளில் இனி எஸ் சேர்க்கலாகாது என்று உத்தரவு பிறந்தது. அன்று மாலையே தாசில்தாரின் எஸ்ஸும் போயிற்று. மறுநாள் ஹெட் குமாஸ்தாவின் எஸ் போயிற்று. "அப்ப நான் மட்டும் பன்னிக்குச் சமமாங்க?" என்று பியூன் செல்லமுத்து கண் கலங்கவே, அவனுடையதையும் எடுத்தார்கள். கடைசியில் அந்தத் தாலுகாவில் எஸ் இருந்தது பன்றிக்கு மட்டும்தான்.

மனு கலெக்டர் துரையிடம் போயிற்று. 'கலெக்டர் கம் டு கொல்லி ஹில்ஸ்' என்றிருந்தது. எஸ் இல்லாமல் அப்படி எழுதினால் இங்கிலீஷ்காரன் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும்: கலெக்டரே, கொல்லிமலைக்கு வா!

துரை நடுங்கிப் போனார். தன்னை இப்படி அதட்ட வேண்டுமானால் அந்த அப்பாசாமி கவர்னருக்கு நெருங்கிய சிநேகிதராகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். குதிரை, கூடாரம், சமையல்காரர், தாசில்தார், குமாஸ்தா, பியூன் சகிதம் உடனே மலையேறி, அப்பாசாமியின் கொல்லையிலேயே முகாம் போட்டார். அத்தனை பேருக்கும் வயிறு இருந்தது. பாவாயி வாயைத் திறப்பதற்குள் மீதிக் கிழங்கும் அடுப்பேறிவிட்டது.

மறுநாள் விசாரணை. துரை கேட்டதைத் தாசில்தார் தமிழில் சொன்னார்.

"பன்றி எங்கே?"

"இத்தனை பேரைப் பாத்து ஓடிப்போச்சுங்க."

"அது தின்னும் கிழங்கு எங்கே?"

பாவாயிதான் துரையைப் பார்த்துப் பதில் சொன்னாள். "நேத்து ராத்திரி நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினீங்களே சாமி, அதுதானுங்க."

தாசில்தார் இதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் துரைக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்து, அங்கேயே லைசென்சில் கையெழுத்துப் போட்டார். மறுபடி கிழங்கு நட விதைக்கரணைக்கும் உத்தரவு செய்துவிட்டு இறங்கினார்.

அப்பாசாமி துப்பாக்கி வாங்கினார். மலையிலே அதுதான் சர்க்கார் முத்திரை பெற்ற ஒரே துப்பாக்கி. கொஞ்ச நாளில் நடை மாறியது. தோளில் மேல்துண்டு வந்தது. வாசலில் ஒரு நாற்காலியும் வந்தது.

ஒருநாள் ஆலத்தூர் நாட்டிலிருந்து பொன்னாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணா, எங்க கொல்லையில பன்னி மேயுதுங்க! துப்பாக்கியை எடுத்துக்கிட்டு வாங்க!"

அப்பாசாமி நாற்காலியை விட்டு அசையவில்லை. "வாயில சொன்னா எப்படி அம்மிணி? காரவள்ளிக்குப் போய் மனு எழுதிக்கிட்டு வா. இங்கிலீசுல இருக்கணும்."

பொன்னாயி மலையிறங்கிப் போனாள். பாவாயிக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, உங்களுக்குத்தான் ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதே?"

"அட, படிக்கிறதுக்கா மனு வாங்குறாங்க?" என்றார் அப்பாசாமி.