ஒரு படகும் திருப்திகரமான பகையும்

எங்கள் தீவின் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு முத்திரை, ஒரு செயலாளர். மூன்றில் முத்திரைக்குத்தான் அதிகாரம் அதிகம். செயலாளர் பாவம், நல்ல மனிதர். நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஊரில் யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிடும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. நோயாளியைப் படுக்கவைத்து அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு மோட்டார் படகு. போன மழைக்காலத்தில் தபால்காரர் மனைவி மீன் கூடைகளுக்கு நடுவே பிள்ளை பெற்றாள். தாயும் சேயும் நலம். துடுப்புப் போட்டவர்தான் மயங்கி விழுந்தார். "அடுத்த தடவை நான் தாயைப் பார்க்கிறதா, துடுப்புக்காரரைப் பார்க்கிறதா?" என்று நர்ஸம்மா கேட்டுவிட்டாள்.

விண்ணப்பம் தலைமை அலுவலகத்துக்குப் போனது. பதில் வந்தது. படகு 'சமூக நல்லிணக்கத் திட்டத்தின்' கீழ் மட்டுமே வழங்கப்படும். அதற்கு ஊரில் குறைந்தது இரண்டு சமூகங்கள் இருத்தல் வேண்டும். அவற்றிடையே தீராத தகராறு ஒன்றாவது நிலுவையில் இருத்தல் வேண்டும்.

செயலாளர் உள்ளதை எழுதினார்: "இங்கே எல்லாரும் ஒன்றாகவே இருக்கிறோம்."

மறு பதில்: "தங்கள் ஊரில் சமூகங்கள் இல்லாமை வருந்தத்தக்கது. இக்குறைபாட்டை முப்பது நாட்களுக்குள் நிவர்த்தி செய்யவும்."

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டோம். எப்படிப் பிரிவது? உயரம் பார்த்துப் பிரிக்கலாம் என்றார் ரொட்டிக்கடைக்காரர். அவர் ஆறடி. பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருந்தால் கணக்கு உதைக்கும் என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில், வாசல் கடலைப் பார்த்தவர்கள் கடற்கரையார், மேட்டைப் பார்த்தவர்கள் மேட்டார் என்று முடிவாயிற்று. செயலாளர் வீட்டுக்கு மட்டும் இரண்டு பக்கமும் வாசல். அவர் கடற்கரையார் ஆனார். தையல்காரியான அவர் மனைவி மேட்டார் பக்கம் போனாள்.

"ஏம்மா, நீ என் பக்கம் வரக் கூடாதா?"

"ஆள் பத்தலைன்னு நீங்கதானே சொன்னீங்க? ஊருக்காகத்தான் போறேன்."

தகராறுக்குப் படகுத்துறை பெஞ்சைப் பிடித்தோம். அது எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்பதே பிரச்சினை. வெயிலில் கிடக்கும் அந்தப் பெஞ்சில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். கடல் அவரைப் புரட்டிப் போட்டிருந்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்து, "ம்ம், ஆரம்பிங்க" என்றார்.

"பெஞ்சைத் திருப்பு!" என்று கத்தினார் ரொட்டிக்கடைக்காரர்.

"திருப்ப விடமாட்டோம்!" என்று எதிர்ப்பக்கம் பாய்ந்த தபால்காரர் வழுக்கி விழுந்தார். ரொட்டிக்கடைக்காரர் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு, "அடி பட்டுச்சா அண்ணே?" என்று கேட்டுத் தொலைத்தார்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "இது பகை மாதிரியே தெரியலையே. இதுக்குப் படகு தர முடியாது."

செயலாளர் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் மனைவி முன்னே வந்தாள். "பகைதானே வேணும்? கேளுங்க சார். இந்த மனுஷன் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமா ஈரத் துண்டை என் தையல் மிஷின் மேலதான் போடுறார். கடற்கரையார் எல்லாருமே இப்படித்தான்!"

"எங்களைச் சொல்லாதே! உங்க ஆளுங்க இரவல் வாங்கின ஏணி என்னாச்சு?" என்றது ஒரு குரல். "ஏணியா? எங்க வேலியைத் தின்ன ஆடு யாருது?" என்றது இன்னொன்று. அரை மணி நேரத்தில் படகை எல்லாரும் மறந்துபோனோம். என் சட்டைப் பொத்தான் இரண்டு போயிற்று. யாருடையதோ ஒன்று என் கையில் இருந்தது.

ஆய்வாளர் மனம் குளிர்ந்து எழுதினார்: "பகைமை திருப்திகரமாக உள்ளது."

படகு வந்தது. கூடவே நல்லிணக்கச் சான்றிதழும், ஒரு நிபந்தனையும் வந்தன. மோதலைத் தவிர்க்கும் பொருட்டு இரு சமூகத்தாரும் ஒரே நாளில் படகைப் பயன்படுத்தலாகாது. ஆகவே திங்கள், புதன், வெள்ளி கடற்கரையாருக்கு. செவ்வாய், வியாழன், சனி மேட்டாருக்கு. ஞாயிறு படகுக்கு ஓய்வு.

"காய்ச்சல் கிழமை பார்த்தா வரும்?" என்றாள் நர்ஸம்மா. சமாதானமாகிவிட்டோம் என்று எழுதலாமா என யோசித்தோம். எழுதினால் படகைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். வாயை மூடிக்கொண்டோம். அதற்குள் கடற்கரையார் நீலச் சட்டையும் மேட்டார் பச்சைச் சட்டையும் போடுவது நாகரிகமாகிவிட்டது. தையல்காரிக்குத் தலைநிமிர நேரமில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. சான்றிதழைச் சுவரில் மாட்ட நாற்காலி மேல் ஏறிய செயலாளர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். தூக்கிக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினோம்.

படகோட்டி கையைப் பிசைந்தான். "சார், இன்னைக்கு மேட்டார் நாள். உங்களை ஏத்தினா படகைப் பறிச்சுக்குவாங்க. நீங்களே கையெழுத்துப் போட்டு ஒட்டின நோட்டீஸ் சார்."

செயலாளர் வலியோடு நோட்டீஸைப் படித்தார். "அவன் சொல்றது சரிதான்" என்றார்.

"சரியாவது, மண்ணாவது! தூக்குங்க இந்த மனுஷனை!" என்றாள் மனைவி. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி, முன்வாசல் வழியாக உள்ளே நுழைத்து, பின்வாசல் வழியாக வெளியே எடுத்து, பச்சைச் சட்டை ஒன்றை மேலே போர்த்தினாள். "மேட்டைப் பார்த்த வாசல்ல இருந்து வந்திருக்கார். இப்ப ஏத்து!"

படகோட்டி நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு ஏற்றினான். கால் பிழைத்தது.

அந்த வாரமே ஊரில் கொத்தனாருக்குக் கிராக்கி. எல்லா வீட்டுக்கும் இரண்டாவது வாசல் திறந்தோம். எந்த நாளும் எல்லாருக்கும் படகு உண்டு. காற்றும் நன்றாக வந்தது.

ஆறு மாதம் கழித்து ஆய்வாளர் வந்து வாசல்களை எண்ணினார். பிறகு கடிதம் வந்தது: "தங்கள் ஊரில் இருவாசலார் என்னும் புதிய சமூகம் தோன்றியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் இவர்களுக்கு யாருடனும் தகராறு இல்லை எனத் தெரிகிறது. இதனை முப்பது நாட்களுக்குள் சரிசெய்யாவிடில் படகு திரும்பப் பெறப்படும்."

செயலாளர் ஊன்றுகோலோடு ஹாலுக்கு வந்து, இந்த முறை யாரோடு யார் சண்டை போடுவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் மீதி நானூற்றுப் பதினொரு பேரும் கை தூக்கிவிட்டோம். நான் இரண்டு கையையும்.